கொற்றி வீட்டில் விடாத கிரகணம்

பாம்பு நிலாவைப் பாதி கடித்து, என்ன நினைத்ததோ, ருசி பிடிக்கவில்லையோ, மிச்சத்தைத் தொடாமல் வாயைத் திறந்து விட்டுவிட்டுப் போன அந்த இரவில், மருதந்துறையில் எல்லார் வீட்டு உலக்கையும் விழுந்தது, கொற்றி வீட்டு உலக்கை மட்டும் விழவில்லை.

அந்தக் காலத்தில் கிரகணம் விட்டுவிட்டது என்று வானத்தைக் காட்டிச் சொன்னால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்; உலக்கை சொல்ல வேண்டும். பாம்பு நிலாவைத் தொட்டதும் வீட்டுக்கு வீடு வெண்கலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்திக் கையை எடுத்துவிடுவார்கள். யாரும் பிடிக்காமலே அது நிற்கும், பாம்பு விட்டதும் தானாக விழும். விழுந்த சத்தம் கேட்டால்தான் குளியல், குளித்தால்தான் அடுப்பு, அடுப்பு மூட்டினால்தான் சோறு. அதுவரைக்கும் வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் கதவை அடைத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். கத்தியைத் தொடக் கூடாது, எதையும் கிள்ளக் கூடாது, கீறக் கூடாது, அரித்தால் சொறியக்கூடக் கூடாது, அண்ணாந்து பார்க்கவே கூடாது. மற்ற சனம் எல்லாம் ஆற்றங்கரையில் நின்று பறையையும் பானையையும் தட்டிப் பாம்பை விரட்டிக்கொண்டிருக்கும்.

கொற்றி அன்றைக்கு ஊரில் யாரையும்விட ஒழுங்காக உட்கார்ந்திருந்தாள். அரிப்பெடுத்த இடத்தில் விரல் படவில்லை. ஏன் என்று ஊருக்கே தெரியும். அவளுடைய முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு மழைக்காலச் சாயங்காலம், மேகத்துக்குப் பின்னால் கிரகணம் பிடித்தது தெரியாமல், குழம்புக்கு ஒரு சுரைக்காயை அறுத்துவிட்டாள். பிள்ளை மேலுதடு பிளந்து பிறந்தான். பாலைக் குடிக்கத் தெரியும், உறிஞ்சத்தான் வாய் கூடவில்லை; குடித்ததெல்லாம் மூக்கு வழியாக வந்தது. பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தாள். கண்ணை உருட்டி உருட்டி அவளையே பார்த்துக்கொண்டு, பசியோடேயே போய்ச் சேர்ந்தான் பாவம். நிலாவைக் கடித்த பல்தான் பிள்ளையையும் கடித்தது, கத்தியை எடுத்துக் கொடுத்தவள் இவள் என்றது ஊர். புருஷன் அந்துவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு சுரைக்காயைக் கண்ணில் பட விடவில்லை, அவ்வளவுதான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆக, இப்போது எட்டு மாதமாக வயிற்றில் இருக்கிற இந்தப் பிள்ளைக்கு முழு வாய் வேண்டும். கொற்றிக்கு இந்த உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான்.

தெருவெல்லாம் உலக்கை விழுகிற சத்தம் கேட்டது. அந்துவன் ஈரத் துணியோடு ஓடிவந்து கதவுக்கு வெளியே நின்றான்.

"ஏ கொற்றி, உலக்கை விழுந்துச்சா?"

"இல்லியே. நிக்குது."

"ஊர்ல எல்லாம் விழுந்துருச்சு."

"இங்க நிக்குதுங்க. அசையக்கூட இல்ல."

அவன் கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டு, கிரகணம் கணித்துச் சொல்கிற கணியனிடம் ஓடினான்.

கணியன் பெருஞ்சாத்தன் அப்போது ஆற்றங்கரையில் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தான். இருக்காதா பின்னே? பாம்பு நிலாவை முழுசாக விழுங்கும், ஒரு கீற்றுக்கூட மிஞ்சாது என்று ஊரை ஆளும் வேளின் அவையில் தொடை தட்டிச் சொல்லியிருந்தான். வேளும் அதை நம்பிப் பட்டினி கிடந்து, தலை முழுகத் தயாராக நின்றிருந்தார். பாம்பு பாதியிலேயே விட்டுவிட்டுப் போக, வேள் நிலாவையும் பார்த்தார், கணியனையும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அந்துவன் வந்து, "எங்க வீட்டு உலக்கை மட்டும் விழலீங்க சாமி" என்றானா, கணியனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நான் என்ன சொன்னேன்? முழுக் கிரகணம்னு சொன்னேன்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கூவினான். "பாதி வானத்துல நடந்துருச்சு. மிச்சப் பாதி இவன் வீட்டுல நடக்குது. உலக்கை விழுறவரைக்கும் அந்த வீட்டுக் கதவை ஒருத்தரும் தொறக்கக் கூடாது. தொறந்தீங்க, அந்தப் பாதி ஊர்மேல கவிஞ்சுரும், சொல்லிட்டேன்!"

சரியான பேச்சாகத்தான் பட்டது எல்லாருக்கும். கணியன் பொய்யாகவில்லை, வேள் பட்டினி கிடந்தது வீணாகவில்லை, பாம்புக்கும் குறை வைக்கவில்லை. எல்லாரும் குளித்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டார்கள்.

விடிந்தது. கொற்றி வீட்டில் விடியவில்லை. வெளியே வெயில் கொளுத்துகிற உச்சிப் பொழுதிலும் உள்ளே கறுத்த செம்பின் நிறத்தில் ஒரு மங்கல் வெளிச்சம் நின்றது. அடுப்பில் அன்றைக்கு இருந்த கங்கு அப்படியே இருந்தது, எரியவும் இல்லை, சாம்பலாகவும் இல்லை. தட்டில் ஊற்றிய தண்ணீர் வற்றவில்லை. கொற்றியின் நகம் வளரவில்லை, முடி வளரவில்லை, வயிறு வளரவில்லை. உள்ளே பிள்ளை உயிரோடு இருப்பது மட்டும் தெரிந்தது, வெதுவெதுப்பாக, கனமாக, ஒரு உதை கிடையாது, ஒரு புரளல் கிடையாது. பத்தாம் மாதம் வந்தது, வெளியே. உள்ளே அதே எட்டாம் மாதம். பிள்ளை பெறப் போகிற அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் வலி வந்தது, தொட்டில் கட்டினார்கள், அந்தத் தொட்டில் பிள்ளைகள் எழுந்து நடந்து தெருவில் ஓடின, அவள் வயிற்றில் இருந்தது எட்டாம் மாதத்திலேயே உட்கார்ந்திருந்தது.

கிரகணத்தில் சாப்பிடக் கூடாதுதான், ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு விலக்கு உண்டு, தருப்பைப் புல் கிள்ளிப் போட்டால் தோஷமில்லை. அதனால் பின்சுவரில் ஒரு கை நுழைகிற அளவுக்குத் துளை போட்டார்கள். அந்துவன் அதன் வழியாகத் தினைச்சோறும் கருவாடும் வைப்பான், மேலே ஒரு புல். "சாப்புடு கொற்றி" என்பான். "இன்னும் நிக்குதா?" என்பான். "நிக்குதுங்க" என்பாள். சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் பயந்த ஊர், போகப் போக என்ன கண்டுபிடித்தது தெரியுமா? கிரகணத்தில் ஓதுகிற மந்திரத்துக்கு ஒன்றுக்கு நூறு பலன். பாம்புக்கடிக்கு மந்திரிக்கிறவன் கிரகணம் எப்போது வரும் என்று காத்துக் கிடந்து, வந்தால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அடித்துப் பிடித்து ஓதி முடிப்பான். இங்கே கிரகணம் விடாமல் நிற்கிறதே, நினைத்தபோது வரலாம், ஆற அமர ஓதலாம்! கொற்றி வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு விஷவைத்தியர்கள் ஓதினார்கள், வேர் பிடுங்குகிறவர்கள் வேரைச் சுவர் நிழலில் வைத்து எடுத்துப் போனார்கள், செத்தவர்களுக்கு எள் இறைக்கிறவர்கள் வாசலில் இறைத்தார்கள், தொலைவூர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், வந்தவர்களுக்குக் கூழ் விற்கப் பந்தல் போட்டார்கள், பந்தலுக்குப் பக்கத்தில் இன்னொரு பந்தல். மருதந்துறையில் இதற்குப் பிறகு வானத்தில் கிரகணம் பிடித்தபோதெல்லாம் யாரும் உலக்கை நிறுத்தவே இல்லை. எல்லாக் கேடும் கொற்றி வீட்டுக்குள் கட்டிக் கிடக்கிறது, நமக்கென்ன என்று வயிற்றுப் பிள்ளைக்காரிகள் நிலவில் உலாத்தினார்கள். உலக்கை விழ வேண்டும் என்று ஆரம்பத்தில் வேண்டிக்கொண்ட ஊர், எப்போது விழக் கூடாது என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தது என்பது யாருக்குமே நினைவில்லை.

உள்ளே கொற்றி இவை எல்லாவற்றையும் கேட்டாள். மந்திரம், எள், கூழ்க்காரிகளின் சண்டை எல்லாம் காதில் விழுந்தது. வயிற்றைத் தடவிக்கொண்டு, "பொறுத்துக்கடா, உன் வாய் நல்லா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்துவனின் குரல் தடித்தது. பிறகு கம்மியது. பிறகு ஒரு நாள் துளையில் வந்த கை அவன் கை இல்லை. கண்ணாடி போல வழவழத்த சங்கு வளையல் போட்ட, சின்னப் பெண்ணின் கை.

"யாரு?"

கை அப்படியே நின்றது. "நான் பூதி... அவருக்கு என்னைக் கட்டி வெச்சிருக்காங்க அக்கா."

கொற்றி சட்டியைப் பார்த்தாள். வயிறு எரிந்தது, ஆமாம், எரியாமல் இருக்குமா? சட்டியைத் தட்டிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அந்தக் கை, சோற்றின் மேலிருந்து நழுவிய புல்லை எடுத்துச் சரியாக வைத்தது.

"அவரு ஏன் வரல?"

"வந்தா அழுவுறாரு. அதான் என்னை அனுப்புறாரு."

அப்புறம் பூதிதான் தினமும் வந்தாள். சோற்றை வைத்துவிட்டு ஓடிவிட மாட்டாள். உட்கார்ந்து கதை பேசுவாள். கூழ்ப்பந்தல் வம்பு, வேள் வீட்டுக் கல்யாணம், ஆற்றில் வந்த வெள்ளம், எல்லாம் சொல்வாள். கொற்றிக்குத் தலை வாரிவிட முடியாதே என்று துளை வழியாக ஒரு முறை மல்லிகைச் சரம் தள்ளினாள். அது உள்ளே வந்த வாக்கிலேயே, வாடாமல் அப்படியே இருந்தது. முகம் தெரியாமல் அக்காளும் தங்கையுமாக ஆகிப் போனார்கள். இதைப் போய் யாரிடம் சொல்வது?

ஒரு நாள் பூதி குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கு முழுகாம இருக்கு" என்றாள். "நாலு மாசம். உள்ள துள்ளுது அக்கா, மீன் குஞ்சு மாதிரி."

கொற்றி தன் வயிற்றில் கையை வைத்தாள். துள்ளவில்லை.

கூரைமேல் ஒரு சுரைக்கொடி தானாக முளைத்துப் படர்ந்திருந்தது. கிரகண வீட்டுக் கூரையில் கத்தி படக் கூடாது என்று யாரும் அதை வெட்டவில்லை. அது பூத்துக் காய்த்துக் கூரை முழுக்க மூடிக்கொண்டது. அந்த வாரம் ஆற்றில் வெள்ளம், மீன் இல்லை, சந்தை இல்லை. பூதி கூரையிலிருந்து ஒரு பிஞ்சுச் சுரைக்காயைத் திருகி எடுத்துத் துளை வழியாகத் தள்ளினாள். மேலே ஒரு தருப்பை.

"அக்கா, இந்தக் கிரகண வீட்டுக் காயில வயித்துப் பிள்ளையோட நான் கத்தி வைக்கக் கூடாதாம். பிஞ்சுதான், அப்படியே கடிச்சுத் தின்னுக்குங்க."

பூதிக்குப் பழைய கதை தெரியாது. அந்துவன் சொல்லியிருக்க மாட்டான். கொற்றி அந்தச் சுரைக்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே யாரோ ஒருத்தன் தேள்கடி மந்திரத்தை இழுத்து இழுத்து ஓதிக்கொண்டிருந்தான். அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! எழுந்தாள், கூரை எரவாணத்தில் அத்தனை காலமாகச் செருகியிருந்த கத்தியை உருவினாள், காயைத் தரையில் வைத்து ஒரே போடு, இரண்டு துண்டு, நாலு துண்டு, பொடிப்பொடியாக அரிந்து தள்ளினாள். அதோடு விட்டாளா? கையைச் சொறிந்தாள், முதுகைச் சொறிந்தாள், கூரையில் கொடியும் ஓலையும் விலகிய இடத்தில் அண்ணாந்து பார்த்தாள். அங்கே பாதி கடித்த நிலா, அன்றைக்கு நின்ற அதே இடத்தில், சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. "போ!" என்று அதைப் பார்த்துக் கத்தினாள். அப்புறம்தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. சுரைக்காய்த் துண்டுகளை அள்ளி மறுபடி ஒட்டவைத்துவிடலாம் போல இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஐயோ என் பிள்ளை, என் பிள்ளை" என்று அழுதாள்.

அப்போதுதான் பிள்ளை உதைத்தது.

ஒரு உதை இல்லை. இத்தனை காலமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் உதைத்தது. கொற்றி அழுகையை நிறுத்தினாள். எழுந்து போய் உலக்கைக்கு முன்னால் நின்றாள். ஊர் முழுக்க இதைச் சுற்றித்தான் பந்தல் போட்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கும், இடுப்பைக் கொடுத்து முட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். ஒரு விரல் பட்டது. பட்டென்று விழுந்தது. அவ்வளவுதான். எந்த நாளில் தொட்டிருந்தாலும் விழுந்திருக்கும்.

தட்டுத் தண்ணீர் தரையில் ஓடியது, கங்கு சாம்பலானது, மல்லிகை கருகியது, கூரை ஓட்டை வழியாக வெயில் விழுந்தது. நின்று போயிருந்த மாதங்கள் மொத்தமாக வந்து அவள் இடுப்பைப் பிடித்தன. மருத்துவச்சி இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை. விழுந்து கிடந்த உலக்கையையே குறுக்கே பிடித்துக்கொண்டு முக்கினாள். வெளியே மந்திரம் நின்றிருந்தது. பிள்ளை அழுத சத்தம் கேட்டபோது கூழ்ப்பந்தலில்கூட ஒருத்தரும் பேசவில்லை.

கொற்றி முதலில் பார்த்தது வாயைத்தான். விரலால் மேலுதட்டைத் தடவினாள், உள்ளே விரல் விட்டு அண்ணத்தைத் தடவினாள். முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. பெண் பிள்ளை. விரலைக் கவ்வி உறிஞ்சிய உறிஞ்சில் கொற்றிக்குத் தோள் வரை சிலிர்த்தது. சிரித்தாள், அழுதாள், அதே கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தாள், பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தாள்.

சனம் பின்வாங்கியது. அவள் உள்ளே போன வயதிலேயே வெளியே வந்தாள். எதிரே நின்ற அந்துவனுக்குத் தலை நரைத்திருந்தது. அவன் பக்கத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வட்ட முகத்தில் கண்ணீரோடு ஒருத்தி நின்றாள். சங்கு வளையலைப் பார்த்துத்தான் அது பூதி என்று கொற்றிக்குத் தெரிந்தது.

கணியன் பெருஞ்சாத்தனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். பார்வை மங்கிப் போயிருந்தது கிழவனுக்கு. பிள்ளையின் வாயைத் தடவிப் பார்த்தான். அந்துவன் தடவிப் பார்த்தான். தடவிவிட்டு, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் ஓவென்று அழுதான்.

"பாத்தீங்களா!" என்றான் கணியன். "மூத்தது மூளியாப் பொறந்துச்சு. அடைச்சு வெச்சோம், இது முழுசாப் பொறந்திருக்கு. என் வாக்குப் பலிச்சுதா இல்லியா?"

"அடைச்சதால இல்ல சாமி" என்றாள் கொற்றி. "நான் சுரைக்காயை அறுத்தேன். இன்னிக்குத்தான், இந்தக் கையால. அண்ணாந்து பாத்தேன், மேலெல்லாம் சொறிஞ்சேன். உலக்கையை நான்தான் தள்ளிவிட்டேன். ஒண்ணும் ஆகல, பாருங்க பிள்ளையை, ஒண்ணும் ஆகல! என் மூத்தவனையும் நான் ஒண்ணும் பண்ணல!"

இத்தனை காலம் அவள் மேல் கிடந்த பழி அது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஆமாம் கொற்றி என்று சொல்லியிருக்கலாம்.

"பிள்ளை பெத்த அசதி, என்னமோ பேசுறா" என்றாள் ஒரு கூழ்க்காரி. "தண்ணி குடுங்க அவளுக்கு."

பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. கிரகணம் விட்டுப் போனால் பந்தல் என்னாவது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லாக் கேடும் இனி எங்கே போய் இறங்கும் என்றுதான் கேட்டார்கள். எல்லார் கண்ணும் ஒவ்வொன்றாகப் பூதியின் வயிற்றுக்கு வந்தது. கொற்றி அந்துவனின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாங்க, அவளை விட்டுருங்க" என்றாள்.

"இன்னொரு தடவை அந்த வாயைப் பாக்க என்னால ஆகாது கொற்றி" என்றான் அவன். "உன் பிள்ளை நல்லா இருக்குல்ல? அவ பிள்ளையும் நல்லா இருக்கட்டும்."

அவன் கொடுமைக்காரன் இல்லை. அதுதான் சங்கடம்.

பூதியை யாரும் இழுத்துப் போகவில்லை. அவளே நடந்து உள்ளே போனாள். தட்டைக் கழுவித் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார்கள், விழுந்தது. நிறுத்தினார்கள், விழுந்தது. கணியன் காது கேட்காத மாதிரி நின்றான். கடைசியில் கடப்பாரை கொண்டுவந்து தரையில் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, உலக்கையை நட்டு, கல் வைத்து இறுக்கி, மண்ணைக் கெட்டித்து, மேலே தட்டுத் தண்ணீரையும் ஊற்றினார்கள். நன்றாக நின்றது. கதவை வெளியிலிருந்து அடைத்தார்கள். சாயங்காலத்துக்குள் மந்திரம் ஆரம்பித்துவிட்டது.

பின்சுவர்த் துளைக்குச் சோறு கொண்டுபோகிற வேலை கொற்றிக்கு வந்தது. முதல் நாளே, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, சோற்றோடு ஒரு சுரைக்காயும் அந்தக் கத்தியும் தள்ளினாள்.

"பூதி, இதை அறு."

உள்ளே கத்தியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அறுத்துப் பாரு தங்கச்சி. ஒண்ணும் ஆகாது. உள்ள வெயில் வருதுல்ல? கங்கு அணைஞ்சுருச்சுல்ல? அங்க கிரகணமே இல்லடி. வெறும் குழி, வெறும் கட்டை. நாம ரெண்டு பேரும் சேந்து அதைப் புடுங்கிருவோம், நான் கதவைத் தொறக்குறேன்."

"அக்கா" என்றாள் பூதி. "பிள்ளையக் கொஞ்சம் காட்டுங்களேன்."

கொற்றி பிள்ளையைத் துளைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். சங்கு வளையல் கை மெதுவாக வெளியே வந்தது. ஒரு விரல் பிள்ளையின் மேலுதட்டைத் தொட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தடவியது. திரும்பவும் ஒரு முறை தடவியது. பிள்ளை அந்த விரலைக் கவ்வப் பார்த்தது. கை உள்ளே போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்துச் சுரைக்காய் வெளியே வந்தது, ஒரு நகக்கீறல்கூட இல்லாமல், மேலே ஒரு தருப்பைப் புல்லோடு. கத்தியும் பின்னாலேயே வந்தது.